அலமாரி மேலிருந்து இறக்கிய மானிட்டர்

என் அன்பு வானொலிக்கு,

உன் ஒரே நேயர் எழுதுவது. நான் நலம். இதைப் படித்து முடிக்கும் வரை அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே.

வரும் திங்கட்கிழமை காலை, நீ அங்கே வேலை பார்க்கும் முதியோர் இல்லத்து மேலாளர் இன்னும் இரண்டு ஆண்டுக்கான காகிதத்தை நீட்டுவார் என்று சொன்னாய். செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் “போட்டுடு” என்று நானேதான் சொன்னேன். அதற்கு நீ “சரி” என்ற ஒரே சொல்லோடு வைத்துவிட்டாய். ஓயாமல் பேசுகிறாய் என்றுதானே உனக்கு வானொலி என்று பெயர் வைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்க வேண்டும். தொலைபேசியில் என்றால் நடுவில் புகுந்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

என் வேலை நன்றாகப் போகிறது என்று அன்றைக்குச் சொன்னது பச்சைப் பொய்.

டாக்டர்களின் குரல் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் எங்கள் எல்லோருக்கும் போன மாதமே அலுவலகத்திலிருந்து தகவல் வந்துவிட்டது. பழைய இயங்குதளத்தில் ஓடும் கம்ப்யூட்டர்களை இந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்களாம். அதற்குள் மாறாதவர்களின் இடம் வேறு ஆளுக்கு. நம் வீட்டுக் கிழட்டுக் கம்ப்யூட்டரோ புதிய பதிப்பைத் தாங்காது. கூட வேலை செய்கிறவர் ஒருவர்தான் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடச் சொன்னார். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் அதிலேயே உண்டு, என்னைப் போலப் பார்வையில்லாதவர்கள் எத்தனையோ பேர் அதில் வேலை செய்கிறார்கள் என்றார். உன்னிடம் சொன்னால் நீ வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்பாய். என் வேலை நிலைத்தால்தானே நீ வர முடியும்? நாம் பேசி வைத்தது அதுதானே?

போன திங்கட்கிழமை, அவர் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்த பென் டிரைவைச் செருகி ஆரம்பித்தேன். ஜலதோஷம் பிடித்த ஆள் பேசுவது போல ஒரு குரல், ஒவ்வொரு கேள்வியாக வாசித்தது. பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லாம் முடிந்தது, பென் டிரைவை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கு என்றது. அந்த நேரம் பார்த்து எனக்குப் புத்தி அதிகமாக வேலை செய்தது. ஏதாவது தகராறு என்றால் கண் தெரிந்தவர் யாராவது வந்து பார்க்க வேண்டுமே என்று, நீ போன நாளிலிருந்து அலமாரி மேல் கிடந்த மானிட்டரை இறக்கி, தூசி தட்டி, கேபிளை மாட்டினேன். அப்புறம் தொடங்கினேன்.

ஒரு சத்தமும் இல்லை. எந்த விசையைத் தட்டினாலும் இல்லை.

மறுநாள் காலை கீழ்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டேன். அவர் மானிட்டர் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, எல்லாம் கருப்பாக இருக்கிறது, ஒன்றுமே வரவில்லை என்றார். கம்ப்யூட்டரை என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அன்று மாலைதான் நீ கூப்பிட்டாய்.

புதன்கிழமை லினக்ஸ் உதவிக் குழு ஒன்றில் கைப்பேசியிலிருந்து கேள்வி போட்டேன். ஒருவர் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். இன்னொருவர், கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் தேடிப் பார்க்கக் கூடாதா என்று எழுதினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. வெளியேறிவிடலாம் என்று இருந்தபோது ஒரு பெண்மணி என் கைப்பேசி எண்ணைக் கேட்டு எழுதினார். பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவர், அவருக்கும் பார்வை கிடையாது. வேலை மாற்றி மாற்றி வருவதால் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத்தான் கூப்பிட முடியும் என்றார். எனக்கு இருந்ததோ பன்னிரண்டு வரைதான். வியாழக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று சொன்னபடி கூப்பிட்டார். முதலில் கைப்பேசியைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, உள்ளே விசிறி சுற்றும் சத்தத்தைக் கேட்டார். உயிர் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றார். கடைசியாகப் பேசியதற்கும் இப்போதைக்கும் நடுவில் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவர் விடவில்லை. பின்பக்கம் கையை விட்டு ஒவ்வொரு கேபிளாகத் தொட்டு, எது எங்கே போகிறது என்று சொல்லச் சொன்னார். மூன்றாவதைத் தொட்டு, இது மானிட்டருடையது என்றேன்.

“மானிட்டரா? நமக்கு எதுக்குங்க மானிட்டர்?”

கண் தெரிந்தவர் யாராவது வந்தால் பார்க்கட்டும் என்று திங்கட்கிழமை மாட்டினேன் என்றேன்.

“அதைக் கழட்டுங்க. படம் போற கேபிள்லயே சத்தமும் போகும், ஸ்பீக்கருக்கு வராம குரல் அந்த வழியாத்தான் போயிட்டிருக்கு.”

கழற்றினேன். இரண்டு மூச்சு விடும் நேரம். அந்த ஜலதோஷக் குரல் என் பெயரைச் சொல்லி, கடவுச்சொல் கேட்டது. நான் அழுதேன், அவருக்கும் கேட்டிருக்கும். நான்கு நாளாக அது எரியாத மானிட்டருக்குள் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. கெட்டுப்போனது மானிட்டர் மட்டும்தான்.

அலுவலக இணைப்பில் அவசரத்தில் இரண்டு முறை கடவுச்சொல் தவறியது. மூன்றாவதும் தவறினால் கதவு சாத்திக்கொள்ளும். அந்த அம்மா லைனிலேயே இருந்தார், அவசரப்படாமல் எழுத்து எழுத்தாகத் தட்டச் சொன்னார். பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது உள்ளே விட்டார்கள். நன்றி சொல்லப் போனேன், பேருந்து வந்துவிட்டது என்று வைத்துவிட்டார். இனி புதிதாக யாராவது அந்தக் குழுவில் வந்து கேட்டால், அந்தத் ‘தேடிப் பார்’ ஆசாமிக்கு முன்னால் நான் பதில் சொல்லிவிட வேண்டும்.

மானிட்டரை மறுபடி அலமாரி மேலேயே ஏற்றிவிட்டேன். பக்கத்தில் கண் தெரிந்த ஆள் இல்லாமல் நான் ஒப்பேற மாட்டேன் என்ற பயத்தில்தான் அதை இறக்கினேன். வேலையும் போய் உனக்குச் சுமையாகிவிடுவேன் என்ற அதே பயத்தில்தான் உன்னையும் அங்கேயே இருக்கச் சொன்னேன். இந்தக் கடிதத்தை நானே அடித்து, அந்தக் குரலையே வாசிக்கச் சொல்லி, பிழை திருத்தி மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

அதனால் எனக்குத் திரையைப் படித்துச் சொல்ல வா என்று உன்னைக் கூப்பிடவில்லை. அதற்கு ஆள் இருக்கிறது. ஆனால் மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது, எதிர்வீட்டில் என்ன நிறம் அடித்திருக்கிறார்கள் என்று கேட்காமலே சொல்ல இந்த வீட்டில் யாரும் இல்லை. திங்கட்கிழமை பேனாவை நீட்டினால், அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

காத்திருக்கும்,
உன் நேயர்