பலாப்பால் பட்ட புண்

ஏனுங்க,

மிளகு மூட்டையின் மேல்வாயைப் பார்த்து நான் விலை சொல்வதில்லை. குத்தூசியால் அடிச்சரக்கை எடுத்துப் பார்த்த பிறகுதான் பேச்சு. வீட்டில்தான் ஏமாந்துபோனேன்.

உங்களுக்கு இடுப்புக்குக் கீழே மறைவிடத்தில் வந்த வலியில்லாத புண்ணைப் பலாப்பால் பட்டது என்றீர்கள். அது மருந்தில்லாமலே ஆறியதும் நானும் விட்டுவிட்டேன். பிறகு என் உள்ளங்கைகளில் அரிப்பே இல்லாத செம்புள்ளிகள் கிளம்பின. என்னவென்று கேட்டதும் லாரியை எடுத்துக்கொண்டு மலையிறங்கி உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். நான் பஸ் ஏறி அரசு மருத்துவமனைக்குப் போனேன்.

அங்கே ஆலோசகர் பானுமதியிடம் பலாப்பால் கதையைச் சொன்னேன்.

"ஏனுங்கக்கா, மாமா பழத்தை எதுல அறுத்தாரு?" என்றாள்.

அழுதுவிடுவேன் என்றிருந்தவள் சிரித்துவிட்டேன்.

"இது சிபிலிஸ் மாதிரி இருக்குதுங்க. புண்ணு ஆறினாலும் ரத்தத்துல இருக்கும். டெஸ்ட் எடுத்து ஊசி போட்டா குணமாயிருமுங்க."

ரத்தம் கொடுத்தேன், அதுவேதான். ஊசி போட்டுக்கொண்டேன். இன்று மறுபரிசோதனை முடிவும் வந்துவிட்டது: மருந்து கேட்டிருக்கிறது, நான் ஜெயித்துவிட்டேன்! வளப்பூர் சந்தையில் எல்லோர் முன்னும் கையை விரித்து மிளகு அள்ளினேன்.

யாரிடம் வாங்கி வந்தீர்கள் என்று கேட்காமல் விடமாட்டேன். ஆனால் முதலில் ரத்தம் கொடுங்கள். பேர் வெளியே போகாது. நீங்கள் குணமாகாமல் வந்தால் எனக்கு மறுபடியும் தொற்றும். அதற்கு நான் ஆளில்லை. ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள், கதவைத் திறக்கிறேன்.

வாசல் பலா பழுத்திருக்கிறது. இந்த முறை நான் அறுக்கிறேன்.

தேறிவிட்ட உங்கள் வீட்டுக்காரி