தசமத்துக்குப் பின்னால் இரண்டு இலக்கம்

எட்மண்டன், லண்டன்
செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி ரதீசனுக்கு,

நாங்கள் நலம். உன் மனைவி றூபினிக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. போன கிழமை ஸ்கானில் பிள்ளை நல்ல சுகம் என்றார்கள். அவள் என் வீட்டு மாங்காய் ஊறுகாயை ஒரு போத்தல் முடித்துவிட்டாள்.

இனிச் சொல்வதைப் போனில் சொல்லப் பயம். அதனால்தான் நாளை அங்கே பறக்கும் அம்பலவாணன் அண்ணையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடு.

எண்ணெய் விற்கும் நாடுகள் எவ்வளவு வளர்கின்றன, தாங்களே எவ்வளவு எரிக்கின்றன, எவ்வளவு கரியமிலவாயு வெளியேறுகிறது என்று அறிக்கை எழுதுவதுதானே என் வேலை. நீ இருக்கும் நாட்டின் கணக்கு உதைத்தது. கட்டடங்கள், ஏசி, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் எல்லாம் கூடியிருக்கின்றன. புகை மட்டும் குறைந்ததாம். அடுப்பு இரண்டாகி விறகு பாதியானது என்றால் யார் நம்புவார்? அப்போதுதான் நீ சொன்னாய், “அக்கா, இங்கை வீணாப்போற காஸை எரிக்கிற நெருப்பு நாலு மாசமா நூராமல் எரிஞ்சுகொண்டே இருக்கு” என்று. எவ்வளவு எரிகிறது என்று துளைத்துக் கேட்டது நான்தான். நீயும் உன் ஆலையின் ஷிப்ட் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னாய்.

அதை அறிக்கையில் போட்டேன். உன் பெயரோ ஆலையின் பெயரோ போடவில்லை. ஆனால், புத்தி கெட்டவள், முழு எண்ணாக்க மறந்துவிட்டேன். தசமத்துக்குப் பின்னால் இரண்டு இலக்கம், பதிவேட்டில் உள்ளபடி அப்படியே நின்றது. வெளியிடுமுன் வரைவை அந்தந்த நாட்டுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது எங்கள் வழக்கம். நேற்றுப் பதில் வந்தது. வளர்ச்சியைப் பற்றியோ புகையைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. இந்த எண்ணைத் தந்தது யார் என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

செயற்கைக்கோள் படத்தில் எடுத்த மதிப்பீடு என்று எழுதிவிட்டேன். வானத்திலிருந்து பார்த்தால் தசமம் தெரியாது என்று அவர்களுக்குத் தெரியாதா? அறிக்கையிலிருந்து அந்த எண்ணையும் எடுத்துவிட்டேன். இனி அந்த நாட்டில் புகை குறைந்ததாகவே அறிக்கை வரும். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

உன் பாஸ்போர்ட் கம்பனியிடம் அல்லவா இருக்கிறது, அவர்கள் தந்தால்தான் நீ வெளியேறலாம். அவசர லீவு கேள். றூபினிக்குச் சுகமில்லை என்று மட்டும் சொல்லாதே. பிள்ளைத்தாச்சியை வைத்துப் பொய் சொல்லக்கூடாது. அவளிடம் நான் ஒன்றும் சொல்லவுமில்லை. அக்காவுக்கு இதயத்தில் ஒப்பரேஷன், பிழைப்பது சந்தேகம் என்று சொல். பலித்தாலும் பலிக்கட்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் வெளிக்கிடு ராசா. நல்லூர்க் கந்தன் உன்னைக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்து இறங்கி, என் முகத்துக்கு நேரே நின்று, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

உன் அக்கா,
மாதங்கி