நசியாத தேசிக்காய்

எத்தனை முறை சவர்க்காரம் போட்டாலும் கையிலிருந்து கிரீஸ் மணம் போகவில்லை. அதோடு தேசிக்காய் மணமும் சேர்ந்திருக்கிறது. இப்படி இரண்டும் ஒன்றாக மணத்த கை என்னுடையதைத் தவிர உம்முடையதுதான். அதனால்தான் கையைத் துடைத்தும் துடைக்காமலும் உமக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீர் வாசிக்கப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் இன்று நடந்ததை உம்மிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

காலையில் சோலோதுர்னுக்குப் போயிருந்தேன். நீர் வண்டி நிறுத்தியிருந்த அந்தக் கமக்காரரின் பண்ணை முற்றத்துக்கு, உம்முடைய வோன்வாகனை, அந்த இழுவை வீட்டை, பிக்கப்போடு சேர்த்து வாங்கிய இளம் சோடி வந்திருந்தது. "அண்ணை, கொழுவிற முறையை நீங்களே காட்டிக் குடுங்கோ. அவருக்குப் பிறகு உங்களுக்குத்தான் அது தெரியும்" என்று உம்முடைய மனைவி முதல்நாள் தொலைபேசியில் கேட்டிருந்தார். எனக்குத் தெரியுமா என்பதில் எனக்கே சந்தேகம். என்றாலும் ஓம் என்றேன்.

நீர் அந்த வண்டியை வாங்க நினைத்தபோது, ஊரில் சண்டை முடிந்து, இங்கிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குப் போய்வரத் தொடங்கியிருந்த காலம் அது. நீங்கள் இருவரும் பயணச்சீட்டு எடுக்க இருந்த நேரத்தில் உம்முடைய மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவு திரும்பின. தலைச்சுற்று மட்டும் விடவில்லை. விமானம் வேண்டாம் என்றார். ஒரு ஹோட்டல் குளியலறையில் விழுந்த பிறகு ஹோட்டலும் வேண்டாம் என்றார். "ஊர் வேண்டாம். ஒரு கடலை ஒருக்காக் காட்டுங்கோ, போதும்" என்று அவர் கேட்டதை நீர் என் மேசையில் வந்திருந்து சொன்னபோது, தேநீரைத் தொடவேயில்லை.

அவருடைய சொந்தக் கட்டில், பிடித்து நடக்கக் கம்பி பூட்டிய சொந்தக் குளியலறை. அதையே கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போவது என்பதுதான் உம்முடைய திட்டம். காரின் பின்னால் கொழுவும் சாதாரண வீட்டு வண்டிகளை முதலில் பார்த்தோம். பெரிய லொறி ஒன்று கடந்து போனாலே அவை வாலை ஆட்டும். அந்த ஆட்டம் முன்னால் இருப்பவருக்கும் வரும். தலைச்சுற்றுக்காரிக்கு அது ஆகாது. நாங்கள் தெரிந்தெடுத்த மற்ற வகையில், வண்டியின் மூக்கு உயர்ந்து வந்து பிக்கப்பின் பெட்டிக்குள், பின் அச்சுக்குச் சற்று முன்னால், ஒரு இரும்புத் தட்டில் அமர்கிறது. மூக்கின் கீழ் உள்ள தடித்த முளையைத் தட்டிலுள்ள தாடை கவ்விக்கொள்ளும். அது ஆடாது.

"மாஸ்டர், பாசலுக்குக் கிட்ட ஒரு பிக்கப் பாத்து வைச்சிருக்கிறன். யானையையும் இழுக்கும்" என்றீர்.

"யானையைச் சுமக்குமோ?" என்று கேட்டேன்.

நீர் சிரித்தீர். நான் பகிடிக்குக் கேட்கவில்லை. இந்த வகை வண்டியின் பாரத்தில் ஒரு பெரிய பங்கு பிக்கப்பின் முதுகில் இறங்குகிறது. விளம்பரத்தில் இருப்பது இழுக்கும் பலம். நாங்கள் பார்க்கவேண்டியது சுமக்கும் பலம். அதிலே நீங்கள் இருவரும், தட்டும், டீசலும் கழிந்த பிறகு என்ன மிஞ்சும் என்று பார்த்தால், உம்முடைய யானைப் பிக்கப்பில் ஒரு அரிசி மூட்டைக்கும் இடமில்லை. இரண்டாவதாகப் பார்த்த பிக்கப்பின் பெட்டி கட்டை, நீளம் போதாது. மட்டையில் இரண்டு வண்டிகளை வெட்டி, வரைபட ஊசியால் பொருத்தி, உமக்குத் திருப்பிக் காட்டினேன். ஒடுக்கமாகத் திரும்பும்போது வீட்டின் மூக்கு பிக்கப்பின் பின்கண்ணாடியில் போய் இடித்தது.

"பொம்பிளை பாக்கைக்குள்ளையும் இப்பிடி மட்டை வெட்டினதாலைதான் நீர் தனியா இருக்கிறீர்" என்றீர். பிறகு மட்டையை நீரே எடுத்து, திரும்பத் திரும்பத் திருப்பிப் பார்த்தீர். கடைசியில் அந்தக் கட்டைப் பெட்டிப் பிக்கப்பைத்தான் எடுத்தோம். சுமக்கக்கூடியது, உம்முடைய சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் அடங்கியது. ஒடுக்கத்தில் திரும்பும்போது பின்னே நகர்ந்து இடம் விடும் தட்டு ஒன்றை அதற்குப் பூட்டினோம். வீட்டின் படுக்கை மூக்குக்குள், படி ஏறிப் போகும் இடத்தில் இருந்தது. அவரால் ஏற முடியாது. கட்டிலைக் கீழே இறக்கி, மேலே உமக்கு ஒரு மெத்தை போட்டீர். "இந்த வயசிலை மச்சிலே தனிக்குடித்தனம்" என்று அவர் பகிடி பண்ணினார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

முதல் பயணத்துக்கு முன் வண்டிக்குப் பூசை. கற்பூரம், தேங்காய், எல்லாச் சில்லுக்கும் முன்னால் தேசிக்காய். கமக்காரரின் மனைவி கைகட்டி நின்று பார்த்தார். உம்முடைய மனைவி முன்னாசனத்தில் ஏறியிருந்தார், மடியில் செருப்புப் பை. மணலில் நடக்கவென்று வாங்கியது. நீர் முளையை ஏற்றி, தாடையின் கைபிடியைத் தள்ளிவிட்டு, "கால்களைத் தூக்கும் மாஸ்டர், போவம்" என்றீர்.

கால் என்பது கழற்றி நிறுத்தும்போது மூக்கைத் தாங்கும் இரும்புக் கால்கள். "ஒருக்கா மெல்ல இழுத்துப் பாரும், பிறகு தூக்குறன்" என்றேன். அதுதான் முறை என்று படித்திருந்தேன்.

"நல்ல நேரம் போகுது ஐசே!"

"ஒருக்கா."

முணுமுணுத்துக்கொண்டு ஏறி முன்னே எடுத்தீர். பிக்கப்பின் தேசிக்காய்கள் நசிந்து சாறு தெறித்தது. வீட்டு வண்டியின் தேசிக்காய்கள் அப்படியே இருந்தன.

நான் கத்தினேன். என் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. பிக்கப் தட்டோடு வெளியே வந்துவிட்டது. வீடு தன் கால்களில் நின்றது. கால்களைத் தூக்கியிருந்தால் அவ்வளவு பாரமும் அவர் இருந்த பிக்கப்பின் பெட்டியில் விழுந்திருக்கும். தாடைக்குள் விரலை விட்டுப் பார்த்தீர். கறுத்த கிரீஸில் தோய்ந்து வெளியே வந்தது ஒரு மஞ்சள் துணி. அவருடைய சுகத்துக்காக நேர்ந்து, காசு முடிந்து, விடியவே வந்து நீர் கைபிடியில் கட்டிவிட்டது. முடிச்சு உள்ளே போய், தாடையை முழுதாகப் பூட்ட விடவில்லை.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நிலத்திலேயே நீர் இருந்துவிட்டீர்.  

அன்று போகவில்லை, அடுத்தநாள் போனோம். நான் பின்னாசனத்தில் இருந்து, கோத்தார்ட் சுரங்கம் முழுதும் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஜெனோவாவுக்கு அப்பால் ஒரு கரையில், நீர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடிக்க, அவர் தண்ணீருக்குள் நின்றார். "உப்புத்தானோ எண்டு பாருங்கோ" என்று உமக்குக் கையை நீட்டினார். நீர் அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்து, "ஓம், உப்புத்தான்" என்றீர். நான் மறுபக்கம் பார்த்தேன். திரும்பி வந்து அந்தக் காசைப் பேர்ண் கோயில் உண்டியலில், கிரீஸ் துணியோடேயே போட்டீர்.

அடுத்த கோடைக்கு இடம் பார்த்து வைத்திருந்தோம். மாரிக் குளிரில், ட்ராமுக்குக் காத்திருந்த இடத்தில் நீர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர், பிறகு எழும்பவில்லை என்று சொன்னார்கள். நான் கூட இருக்கவில்லை.

இன்று அந்தப் பொடியனுக்கு எல்லாம் காட்டினேன். தாடைக்குள் விரல் விட்டுப் பார்க்கச் சொன்னேன். உம்முடைய மனைவி முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். தேசிக்காய்ப் பையை அவர்தான் கொண்டுவந்திருந்தார். குனிந்து வைத்தது நான். பொடியன் மெல்ல இழுத்தான். பிக்கப்பின் சில்லில் நசிந்தது. வீட்டு வண்டியின் சில்லிலும் நசிந்தது. பிழையொன்றும் இல்லை. நில்லுங்கோ என்று கத்த எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

"பூட்டினதோ அண்ணை?" என்று உம்முடைய மனைவி கேட்டார்.

"ஓம், பூட்டினது."

"அப்ப கால்களைத் தூக்குங்கோ."

தூக்கினேன். வண்டி வாலை ஆட்டாமல், நாங்கள் தெரிந்தெடுத்தபடியே, வளைவில் இடிக்காமல் திரும்பிப் போனது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நசிந்த தோல்களைப் பொறுக்கித் தரச்சொல்லிப் பையில் போட்டுக்கொண்டார். இப்போதும் வீட்டுக் கதவைப் பூட்டினால் ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் நான் படியிறங்குவதில்லை. ஒவ்வொரு முறையும் நீர் பின்னால் நின்று, நல்ல நேரம் போகுது ஐசே என்கிறீர். கதவு பூட்டித்தான் இருக்கிறது. நான் இன்னும் கொஞ்ச நேரம் கைபிடியைப் பிடித்துக்கொண்டே நிற்கிறேன்.