சிவப்புப் பூ வந்த விதம்

இலுப்பூர்
9.3.1959

மகன் ஆண்டியப்பனுக்கு அப்பா நாகராசு சொல்லச் சொல்ல, உன் தங்கை செவந்தி எழுதுவது. இங்கு நானும் உன் ஆத்தாளும் செவந்தியும் இரண்டு மாடும் சுகம். மூன்றாவது மாடு உன்னைப் போல, அவிழ்த்துவிட்டால் காட்டைப் பார்த்துத்தான் ஓடுகிறது. அங்கு உன் கை கால் எல்லாம் எண்ணிக்கை குறையாமல் இருக்கிறதா என்று எழுதவும்.

உன் கடுதாசியைச் செவந்தி வாசித்தாள். முதுமலைக் காட்டில் பாரஸ்ட் கார்டு வேலையை மூன்று மாதம் பழகிப் பார்க்கிறாய், இன்னும் பதினெட்டு நாள் தாண்டினால் நிரந்தரம் என்று எழுதியிருந்தாய். யானை துரத்தியதில் ஒரு செருப்பை விட்டுவிட்டு மரத்தில் ஏறியதையும் பெரிய பாக்கியம் போல எழுதியிருந்தாய். யானையை மனிதனிடமிருந்து காக்க சர்க்கார் உன்னை வைத்திருக்கிறது, சரி, உன்னை யானையிடமிருந்து காக்க யாரை வைத்திருக்கிறது? நம் ஊர் ஐயனாரும் காவல்காரர்தான். அவருக்குக் குதிரை இருக்கிறது, ஆளுயர அரிவாள் இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு கிடாய் இருக்கிறது. உனக்கு ஒரு விசிலும் அரைக்கால் சட்டையும். காவல்தான் ஆசை என்றால் விராலிமலையில் மயில் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள், அது துரத்தாது. பத்து வயதிலேயே ஐயனார் காட்டில் சுள்ளி ஒடித்தவர்களை விரட்டி, பாதி ஊரின் ஏச்சை எனக்கு வாங்கிக் கொடுத்தவன் நீ. நான் சொன்னால் கேட்க மாட்டாய், அதனால் வெள்ளிக்கிழமை அதே ஐயனார் முன்னால் வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று என்று இரண்டு பொட்டலம் போட்டுப் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூ வந்தால் வேலையில் இருக்கட்டும், சிவப்பு வந்தால் திரும்பி வரட்டும் என்று கேட்டோம். சிவப்பு வந்தது. சாமி உத்தரவுக்கு மேல் பேச்சில்லை. கடுதாசி கண்டதும் புறப்படு. ஒற்றைச் செருப்போடு பஸ்ஸில் ஏறி மானத்தை வாங்காதே, ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. ஐயனார் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா நாகராசு

அண்ணா, இதற்கு மேல் எழுதுவது செவந்தி. எல்லாரும் தூங்கிவிட்டார்கள். சிம்னி விளக்கைத் தணித்து வைத்து, மடிப்பில் மிச்சமிருக்கும் இடத்தில் எழுதுகிறேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், தான் சொன்னதைவிட வரி கூடியிருந்தால் பார்த்தாலே தெரிந்துவிடும், அவர் எழுவதற்குள் ஒட்டிவிட வேண்டும். பூப்பொட்டலத்தை எடுத்தது நான்தான். முதல் தடவை வெள்ளை வந்தது. அப்பா, “சாமி இப்பத்தான் எந்திரிச்சிருக்காரு, இன்னொரு தரம் கேளுங்க” என்றார். மறுபடியும் வெள்ளை. பூசாரி வேளார், “ஒங்களுக்கு வேணுங்கிற பூவ நீங்களே கட்டிக்கங்க, சாமிய எதுக்கு அலைய விடுறீங்க” என்று எழுந்து போய்விட்டார். அப்பா தானே கட்டினார். சிவப்பு வந்தது. நான் எடுக்காத பொட்டலத்தை வரும் வழியில் பிரித்துப் பார்த்தேன், அதிலும் சிவப்பு. பாவம் கட்டியவருக்கா எடுத்தவளுக்கா என்று தெரியவில்லை. அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே. யானை துரத்தியதை வாசித்த அன்று அவர் சாப்பிடவில்லை. ஆத்தா கேட்டதற்குப் பல்வலி என்றார். அவருக்கு இருப்பதே நாலு பல்.

நீ வராதே. பதினெட்டு நாளும் மரத்திலேயே இருந்தாலும் சரி, இரு. சர்க்கார் லீவு தரவில்லை என்று அப்பாவுக்கு ஒரு வரி போடு. இனிமேல் யானை வந்தால் எழுதாதே, மான் வந்தால் எழுது. மறந்துபோய் யானை என்றே எழுதிவிட்டாலும் பயப்படாதே. வாசிக்கப் போவது நான்தான், மான் என்று வாசித்துக்கொள்வேன்.

தங்கை செவந்தி,
எட்டாம் வகுப்பு