மூன்றாந்தடவை

தம்மாம், சவுதி, வெள்ளிக்கிழமை

அம்மாவுக்கு, குருநாதன் வணங்கி எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? வேப்பந்தட்டையில் மழை பெய்து மக்காச்சோளம் முளைத்துவிட்டதா? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

போனில் சொன்னால் அழுவாய் என்றுதான் எழுதுகிறேன். என் அறையில் மேல் கட்டிலில் இருந்த பீகார்க்காரர் சுபோத் போன வாரம் காய்ச்சலில் இறந்துவிட்டார். அன்று மத்தியான ஓய்வில் அவர் “மா” என்று கூப்பிட்டது என் காதில் விழுந்தது. அவர் மொழியில் அது அம்மா. நான் எழுந்திருக்கவில்லை. “உச்சி வெயில்ல யாரு கூப்புட்டாலும் மூணாந்தடவைக்குத்தான் ஏன்னு கேக்கணும், காத்து கருப்பு ரெண்டு தடவைக்கு மேல கூப்புடாது” என்று நீ சொல்லி வளர்த்த பழக்கம். இன்னொரு தடவையும் கூப்பிட்டார். மூன்றாவதற்காகக் காத்திருந்தேன். அது வரவேயில்லை.

இப்போது தினமும் மத்தியானம் அந்தக் காலிக் கட்டிலிலிருந்து “மா” என்று இரண்டு தடவை கேட்கிறது. எனக்கு மட்டுமில்லை. அரபியில் மா என்றால் தண்ணீராம். எங்கள் வேனை ஓட்டும் அரபி டிரைவர் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். வியட்நாம்காரர் துவான் அறையையே மாற்றிக்கொண்டார். அவர்கள் மொழியில் மா என்றால் பேயாம். மூடி திறக்காத அந்தப் பாட்டிலில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. வெக்கைதான் காரணமாக இருக்கும்.

இதைக் கொண்டுவரும் பாடாலூர் தமிழரசனிடம் நார்த்தங்காய் ஊறுகாயும் கோயில் திருநீறும் கொடுத்தனுப்பு. போன் செய்தால் என் பேரைச் சொல்லியே கூப்பிடு.

வேன் வந்துவிட்டது. உன்னிடம் மறைக்க மனமில்லை. நேற்று மூன்றாந்தடவையும் கேட்டது. “இதோ வரேன்” என்று சொல்லிவிட்டேன்.

உன் மகன்,
குருநாதன்