தண்ணீருக்கடியில் என் சர்க்கரை டப்பா

நீலசந்திரா, பெங்களூர்
9-2-2004

அன்புள்ள அக்காவுக்கு, கமலவேணியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அத்தான் வேளைக்கு மாத்திரை போடுகிறாரா? நான் சௌக்கியம்.

நான் அறிக்கைகளின் ஆங்கிலத்தைத் திருத்தும் ஆய்வுக்கூடத்தில் போன வாரம் ஒரு வேடிக்கை. தண்ணீரில் மூழ்கிய பெட்டியைத் திறக்காமலே, நியூட்ரான்களைப் பாய்ச்சி, உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்று சொல்லும் கருவியை அனுஷா என்ற பெண் செய்திருக்கிறாள். நைட்ரஜன் நிறைய இருந்தால் மணி அடிக்கும். அதிகாரிகள் பார்க்க வந்த அன்று, ஆபத்தில்லாத பொருளாக என் காபிச் சர்க்கரை டப்பாவைக் கொடுத்தேன். தொட்டிக்குள் இறக்கியதும் மணி அலறியது!

அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். அனுஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மேடம், அதுல சர்க்கரைதானே?"

"பின்னே என்னடி, நானா வெடிகுண்டு வெச்சிருக்கேன்?"

திறந்தால், ரோஜாச் செடிக்கு வாங்கிய யூரியா! அதில் நைட்ரஜன் ஏராளம். கருவி சொன்னதே சரி என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

"நல்லவேளை, காபி போடலை மேடம்!" என்று அனுஷா என்னைக் கட்டிக்கொண்டாள். ரோஜாவுக்குப் போட்ட சர்க்கரையை எறும்புகள் கொண்டாடுகின்றன.

மாற்றி நிரப்பியது நான்தான் என்று அங்கேயே சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை, சொன்னால் வேலை போய்விடும். பதறாதே, பார்வை சற்று மங்கல், அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறேன். உன் கையெழுத்தை என்ன செய்வது?

என் வீட்டுக்காரரின் பூதக்கண்ணாடி அங்கே உன் பீரோவில் இருக்கும். வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பு. இனி பெரிதாக எழுது. போன கடிதத்தை, கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லி, அனுஷாவை வாசிக்கவைத்தேன். நீ என்னைப் 'பாப்பா' என்று எழுதியிருந்ததை இன்னொருத்தி வாயால் கேட்கக் கூச்சமாக இருந்தது. அதை நானே படிக்க வேண்டும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன்
பாப்பா