மூன்று நிமிடக் கல்யாணம்

இன்று பீரோவின் அடித்தட்டைத் திறந்ததும் காடி நெடி மூக்கில் ஏறியது. ஊறுகாய் எதுவும் இங்கே வைக்கவில்லையே என்று துழாவினால், உன் ஃபிலிம் சுருள். கெட்டுப் புளித்து, தகர டப்பாவுக்குள் சுற்றோடு சுற்று ஒட்டிக் கிடக்கிறது. இனி எந்த இயந்திரத்திலும் ஓடாது. பரவாயில்லை, அதில் இருப்பது முழுவதும் எனக்கு மனப்பாடம்.

மீஞ்சூர்ப் பள்ளியில் நீ டிராயிங் டீச்சர், நான் கணக்கு டீச்சர், இணைபிரியாத சிநேகிதிகள். எழுபதுகளின் தொடக்கம். பழவேற்காட்டு மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளையைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றதும், பள்ளிப்பட்டுப் பக்கம் நெல்வயல் வைத்திருந்த என் நைனா, "எனக்குப் பொண்ணே இல்ல" என்று சொல்லிவிட்டார். கோயிலில் கல்யாணம். தாலி ஏறும்வரை அவர் வந்துவிடுவார் என்றே நினைத்திருந்தேன். வரவில்லை.

கையில் இருந்தவை பதினோரு புகைப்படங்கள். அவற்றை வைத்து மூன்று நிமிடத்துக்கு ஒரு சினிமா எடுத்து நைனாவுக்குக் காட்டலாம் என்றாய்.

"இன்னாமே சொல்ற? நிக்கிற படம் எப்படி நடக்கும்?"

"அது நிக்கட்டும்மே. நாம நகத்துவோம்."

உன் அண்ணன் கப்பலிலிருந்து கொண்டுவந்த சின்ன மூவி கேமராவை ஸ்டூலில் கவிழ்த்துக் கட்டினாய். கிட்டத்தில் இருப்பது அதற்குத் தெளிவாகத் தெரியவேண்டுமே! படிக்கும் கண்ணாடியைக் கழற்றி அதன் முன்னால் கட்டினாய். கண்ணாடி போனதும் உனக்கே படம் தெரியவில்லை. ஆகவே புகைப்படத்தை அரிசியளவு அரிசியளவாக நகர்த்துவது என் வேலை, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பொத்தானை அமுக்குவது உன் வேலை. ஜன்னல் வெயிலை நம்பி நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். மேகம் வந்தால் நிறுத்திவிட்டு நாஷ்டா.

கடைசிப் படம் போட்டோகிராஃபர் ஒதுக்கிப் போட்டது. அதில் நான் கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறேன். நீதான் அதையும் கேட்டு வாங்கியிருந்தாய். என் முகத்திலிருந்து மெல்ல நகர்த்தச் சொன்னாய். நகர்த்திக்கொண்டே போனேன். கோயில் வாசல் வந்தது. யாருமில்லாத வாசல்.

"நிறுத்து. கைய எடு."

அசையாத அந்த வாசலை இருநூறு தடவை எடுத்தாய். கண்ணாடி இல்லாத உனக்கு நான் அழுவது தெரியாது என்று நினைத்தேன். பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல், மற்றக் கையால் முந்தானையை நீட்டினாய்.

ஃபிலிம் பம்பாய்க்குப் போய்க் கழுவி வந்ததும், இரவல் புரொஜெக்டரைக் கூடையில் வைத்துக்கொண்டு நைனா ஊருக்குத் தனியாகவே பஸ் ஏறினாய். அங்கே நடந்ததை நீ சொல்லித்தான் அறிவேன். நைனா வீட்டில் கரண்ட் கிடையாது, பம்புசெட் ரூமில் மட்டும்தான். பட்டப்பகலில் கதவைச் சாத்திச் சுண்ணாம்புச் சுவரில் ஓட்டினாய். அவர் சாக்குமூட்டைமேல் உட்கார்ந்து பார்த்தாராம், தாலி கட்டும்போதுகூட அசையாமல். வாசல் வந்து நின்றதும்தான் வாய் திறந்தாராம்.

"இன்னாம்மா, படம் நின்னு பூட்ச்சா?"

"இல்ல நைனா, ஓடிக்கினுதான் இருக்குது. யாரும் வரல, அவ்ளோதான்."

"இன்னொரு தபா போடு" என்றாராம்.

அடுத்த வாரமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். தோளில் புது அரிசி மூட்டை. கதவைத் திறந்தவர் என் வீட்டுக்காரர்.

"உள்ள வரலாமா?" என்று அவரைப் பார்த்துக் கேட்டார் என் நைனா.

"உங்க ஊடு மாமா. வாங்க."

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நகத்துனது நீதானமே. நான் பட்டனத்தான் அமுக்குனேன்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாய்.

போன ஆடியில் ஒரேயடியாகப் போய்விட்டாய். எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மணவறையைப் பார்த்து உட்காருவதில்லை, வாசலைப் பார்த்துத்தான். செருப்பைக் கழற்றாமல் யாராவது தயங்கி நின்றால், உறவா பகையா என்று கேட்பதில்லை. எழுந்து போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்துவிடுகிறேன்.